படகுக்கு ஏற்ற மோட்டார்: குதிரைத்திறனைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கணக்கு

நம் நாட்டின் கடலோர மாநிலங்களில் இயங்கும் நம் வங்கிக் கிளைகளுக்கு, ஆண்டுதோறும் மீன்பிடிப் பருவம் தொடங்குவதற்கு முன் ஒரே வகையான விண்ணப்பங்கள் அதிக அளவில் வருகின்றன. கண்ணாடியிழைப் படகுக்கு அவுட்போர்டு மோட்டார் வாங்கக் கடன் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அரசு ஆவணங்கள் இதனை வெளிப்பொருத்தும் இயந்திரம் என்று குறிப்பிடும். விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் விலைப்புள்ளியில் பெரும்பாலும் ஒரே ஒரு மோட்டாரின் விலை மட்டுமே இருக்கும். ஏன் அந்தத் திறன், ஏன் அதைவிடச் சிறியது போதாது என்ற கேள்விக்கு, ‘பக்கத்துப் படகுக்காரர் அதைத்தான் வாங்கினார்’ என்பதே நாம் அடிக்கடி கேட்கும் விடை.

கடலோரக் கிளை ஒன்றின் வாடிக்கையாளர் ஒருவர், ஒன்பதே முக்காலுக்குச் சற்று மேற்பட்ட திறன் கொண்ட, மீனவர்கள் ‘9.9’ என்று கூறும் தம் பழைய மோட்டாரை நீக்கிவிட்டு, 25 குதிரைத்திறன் மோட்டாரைக் கடனில் வாங்கினார். முதல் சில மாதங்கள் தவணைகள் ஒழுங்காக வந்தன. எட்டாவது மாதத்தில் தாமதம் தொடங்கியது. கிளையிலிருந்து சென்று பார்த்தபோது மீன்வரத்து குறையவில்லை என்பதும், மோட்டாரும் பழுதாகவில்லை என்பதும் தெரியவந்தன. பங்கு பிரிக்கும் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கியது. ஒவ்வொரு நாளும் எரிபொருளுக்கு எடுத்து வைத்த தொகை முன்பைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. தவணைக்கான பணம் பெட்ரோல் பங்கிலேயே செலவாகிவிட்டிருந்தது.

இந்த நிலை நம் வாடிக்கையாளர் எவருக்கும் நேரக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரிய மோட்டார் தவறு என்பதோ, சிறிய மோட்டாரே எப்போதும் சரி என்பதோ நம் கருத்தன்று. படகு, பாரம், தூரம், கடலின் தன்மை ஆகிய நான்கையும் கணக்கில் கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதே நாம் கூற விரும்புவது.

படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு

நீரில் செல்லும் படகுகளை இயங்கும் முறையால் இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, நீரை விலக்கிக்கொண்டு செல்வது. பாரம் ஏற்றிய மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. இரண்டாம் வகை, போதிய வேகம் வந்ததும் அணியம் உயர்ந்து, நீரின் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு செல்வது. சுற்றுலா விரைவுப் படகுகளும் ரோந்துப் படகுகளும் இவ்வாறு செல்லும்.

நீரை விலக்கிச் செல்லும் படகு, தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. வேகம் கூடக்கூட அணியத்தில் எழும் அலையின் நீளமும் கூடுகிறது. அந்த நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டியதும், படகு தன் அலையின் மீது தானே ஏற முயல்வது போன்ற நிலை உண்டாகிறது. அதன் பிறகு எவ்வளவு திறன் கூட்டினாலும் வேகம் சிறிதளவே உயரும். எரிபொருள் மட்டும் பலமடங்கு செலவாகும்.

இந்த எல்லையை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு. படகு நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது கிடைக்கும். நீர்க்கோட்டு நீளம் 25 அடி எனில் வர்க்கமூலம் 5; எல்லை வேகம் 6.7 கடல் மைல், அதாவது மணிக்குச் சுமார் 12.4 கிலோமீட்டர். நீர்க்கோட்டு நீளம் 16 அடி எனில் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நீண்டு ஒடுங்கிய வள்ளங்கள் இந்த எல்லையைச் சற்றுத் தாண்டிச் செல்லும்; அகன்று பருத்த படகுகள் இதை எட்டவே சிரமப்படும். எவ்வாறாயினும், படகின் நீளமே வேகத்தின் முதல் வரம்பு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பாரத்தைக் கணக்கிடுதல்

அடுத்ததாக அறிய வேண்டியது படகின் மொத்த எடை. வெறும் படகின் எடையைக் கொண்டு மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது பொதுவான பிழை. கடலில் படகு ஒருபோதும் வெறுமையாகச் செல்வதில்லை.

எடுத்துக்காட்டாக, 28 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு ஒன்றைக் கொள்வோம். படகின் எடை 1,000 கிலோ. வலையும் கயிறும் 300 கிலோ. ஐந்து பேரின் எடை 350 கிலோ. எரிபொருள், பனிக்கட்டி, குடிநீர் ஆகியவை 250 கிலோ. திரும்பி வரும்போது மீன் 500 கிலோ. மொத்தம் 2,400 கிலோ, அதாவது 2.4 டன்.

நீரை விலக்கிச் செல்லும் படகுக்கு, ஒரு டன் எடைக்கு 4 முதல் 5 குதிரைத்திறன் என்பது நடைமுறையில் ஏற்கத்தக்க அளவு. இதன்படி நம் எடுத்துக்காட்டுப் படகுக்கு 9.6 முதல் 12 குதிரைத்திறன் தேவை. 9.9 மோட்டார் இதற்குப் பொருந்துகிறது. எதிர்க்காற்றும் நீரோட்டமும் மிகுந்த பகுதியாயின் 15 குதிரைத்திறன் வரை செல்லலாம்.

அதே படகு வழுக்கிச் செல்ல வேண்டுமானால் கணக்கு முற்றிலும் மாறும். அதற்கு ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு ஒரு குதிரைத்திறன் தேவை. 2,400 கிலோவுக்கு 96 குதிரைத்திறன்! ஆகவே, பாரம் ஏற்றிய இப்படகில் 25 குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்தினால், முதல் வகைக்கு அது மிகை. இரண்டாம் வகைக்கோ மிகக் குறைவு. அணியம் மேலே தூக்கியும் பின்புறம் நீரில் அமிழ்ந்தும், படகு பெரிய அலையை இழுத்துக்கொண்டு செல்லும். கரையிலிருந்து காண்போருக்கு அது வேகமாகத் தோன்றும். உண்மையில் எரிபொருள் மிக வீணாகும் நிலை அதுவே.

எரிபொருள் கணக்கே உண்மையான விலை

இனி வங்கியின் பார்வைக்கு வருவோம். மோட்டாரின் விலை ஒரு முறை செலுத்துவது; எரிபொருளின் விலை நாள்தோறும் செலுத்துவது.

நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் முழு வேகத்தில் இயங்கும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.35 முதல் 0.4 லிட்டர் வரை செலவாகும். கார்புரேட்டர் பொருத்திய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இது சுமார் 0.5 லிட்டர். டீசல் எஞ்சினுக்குச் சுமார் 0.25 லிட்டர். இதன்படி, நான்கு ஸ்ட்ரோக் 9.9 மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 3.7 லிட்டரும், 25 குதிரைத்திறன் மோட்டார் 9.5 லிட்டரும் எடுத்துக்கொள்ளும்.

மீன்பிடிக்கும் இடம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் எனக் கொள்வோம். போய்வர 30 கிலோமீட்டர். சிறிய மோட்டாரில் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சுமார் 2 மணி 45 நிமிடம். எரிபொருள் ஏறத்தாழ 10 லிட்டர். பெரிய மோட்டாரில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், சுமார் 1 மணி 52 நிமிடம். எரிபொருள் ஏறத்தாழ 18 லிட்டர். ஐம்பது நிமிடத்தைச் சேமிக்க எட்டு லிட்டர் செலவிடுகிறோம்.

கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 800 ரூபாய். ஆண்டுக்கு 200 நாள் தொழிலுக்குச் செல்பவருக்கு 1,60,000 ரூபாய்.

இதனைக் கடன் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய மோட்டாருக்கும் சிறியதற்கும் இடையே விலை வேறுபாடு 1 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தவணையாக இதைச் செலுத்தினால், மாதம் ஏறக்குறைய 3,227 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 38,700 ரூபாய். எரிபொருளில் கூடும் செலவு இதைப்போல் நான்கு மடங்கு. கடன் பெற வருபவர் தவணையைப் பற்றியே கேட்கிறார். அவரை வருத்தப்போவது தவணை அன்று.

பங்கு முறையில் தொழில் செய்வோருக்கு மற்றொரு விளைவும் உண்டு. பெரும்பாலான ஊர்களில் மொத்த விற்பனையிலிருந்து எரிபொருள் முதலிய அன்றாடச் செலவைக் கழித்த பிறகே படகுப் பங்கும் ஆள் பங்கும் பிரிக்கப்படுகின்றன. எரிபொருள் கூடினால் உரிமையாளருக்கு மட்டுமன்றி, உடன் வரும் ஒவ்வொருவருக்கும் பங்கு குறையும். பங்கு குறைந்தால் நல்ல தொழிலாளர் வேறு படகுக்குச் சென்றுவிடுவர். ஆளில்லாத படகு எவ்வளவு பெரிய மோட்டாரைக் கொண்டிருந்தும் கரையில்தான் கிடக்கும்.

பெரிய மோட்டார் எப்போது பொருந்தும்?

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கூடுதல் திறன் தேவைப்படும் சூழல்கள் உண்டு.

முதலாவது, கரையோர அலையைக் கடத்தல். துறைமுகம் இல்லாத திறந்த கடற்கரைகளில், இரண்டு அலைகளுக்கு இடையே கிடைக்கும் சில நொடிகளுக்குள் படகு விரைந்து வெளியேற வேண்டும். அங்கே திறன் பற்றாக்குறை உயிருக்கு ஆபத்தானது. இத்தகைய இடங்களில் கணக்கில் வரும் அளவைவிட ஒரு படி கூடுதலாக எடுப்பது சிக்கனத்துக்கு எதிரானதன்று, அது பாதுகாப்பு.

இரண்டாவது, சந்தை. ஏலத்துக்கு முன்கூட்டியே வந்து சேர்வதால் நல்ல விலை கிடைக்கும் ஊர்கள் உண்டு. நாளொன்றுக்கு 100 கிலோ மீன் விற்பவர், மேற்சொன்ன 800 ரூபாயை ஈடுகட்ட, கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதலாகப் பெற வேண்டும். உங்கள் ஏலக்கூடத்தில் ஐம்பது நிமிட முன்வரவு அந்த எட்டு ரூபாயைத் தருகிறதா என்பதை நீங்களே அறிவீர்கள். தந்தால் பெரிய மோட்டார் தன் செலவைத் தானே ஈட்டும்.

மூன்றாவது, வலையின் தன்மை. மீன்கூட்டத்தை விரைந்து வளைக்க வேண்டிய வளைப்பு வலைத் தொழிலுக்கும், பலர் செல்லும் பெரிய வள்ளங்களுக்கும் கூடுதல் திறன் இன்றியமையாதது. கேரளக் கடற்கரையில் இத்தகைய வள்ளங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டார்களுடன் செல்வதைக் காணலாம். ஒன்று பழுதானாலும் மற்றொன்றால் கரை சேரலாம் என்பது அதன் கூடுதல் பயன்.

உப்பங்கழி, ஏரி, அணைக்கட்டு நீர்த்தேக்கம் ஆகியவற்றில் தொழில் செய்வோருக்கு இதற்கு நேர்மாறான அறிவுரை பொருந்தும். அலையும் நீரோட்டமும் குறைந்த இந்நீர்நிலைகளில், இருவர் மூவர் செல்லும் 14 முதல் 16 அடிப் படகுக்கு 2 முதல் 5 குதிரைத்திறன் போதுமானது.

எரிபொருளின் வகை

மண்ணெண்ணெயில் இயங்கும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் கேரளத்தில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. இவை பெட்ரோலில் தொடங்கிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. இவற்றை வாங்க எண்ணுவோர், தேவையான அளவு மண்ணெண்ணெய் தொடர்ந்து கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தமிழகக் கடற்கரையில் நீண்ட தண்டுடன் கூடிய சிறிய டீசல் எஞ்சின்கள் கண்ணாடியிழைப் படகுகளில் பரவலாகப் பயன்படுகின்றன. எடை கூடுதல், அதிர்வும் கூடுதல். ஆயினும் 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் மணிக்கு 2.5 லிட்டர் அளவிலேயே இயங்குவதால், நீண்ட நேரம் கடலில் இருப்போருக்கு அது சிக்கனமானது. இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் எடை குறைந்தது, பழுதுபார்க்க எளியது. எரிபொருளோடு எண்ணெயும் செலவாகும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் விலை கூடியது, எரிபொருளில் சிக்கனமானது. உங்கள் ஊரில் எதற்கு மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்கின்றன என்பதும் இந்த முடிவில் ஓர் அங்கமே.

தண்டு நீளமும் புரொப்பல்லரும்

சரியான குதிரைத்திறனைத் தேர்ந்தெடுத்த பின்னும் இரண்டு பிழைகள் அந்தத் தேர்வைக் கெடுத்துவிடக்கூடும்.

ஒன்று, தண்டின் நீளம். மோட்டாரைப் பொருத்தும் பின்பலகையின் உயரத்துக்கு ஏற்ப 15, 20, 25 அங்குலத் தண்டுகள் கிடைக்கின்றன. புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக நீண்டிருக்கும் தகடு, படகின் அடிப்பரப்புக்கு நேராகவோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். தண்டு குட்டையானால் அலையில் புரொப்பல்லர் காற்றைப் பிடித்து வீணே சுழலும். தண்டு அளவுக்கு மீறி நீண்டால் நீரின் தடை கூடி வேகம் குறையும்; ஆழம் குறைந்த இடத்தில் தரையிலும் தட்டும். கடைக்குச் செல்லும் முன் பின்பலகையின் உயரத்தை அளந்து குறித்துச் செல்லுங்கள்.

மற்றொன்று, புரொப்பல்லரின் பிட்ச். ஒரு சுற்றில் புரொப்பல்லர் கோட்பாட்டளவில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். பாரம் மிகுந்த மீன்பிடிப் படகுக்குக் குறைந்த பிட்ச்சும், இலேசான விரைவுப் படகுக்குக் கூடிய பிட்ச்சும் ஏற்றவை. வழக்கமான பாரத்துடன் முழு வேகத்தில் செலுத்தும்போது, கையேட்டில் கூறப்பட்ட சுழற்சி எல்லைக்குள் மோட்டார் இயங்க வேண்டும். பல நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு இது நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று. அதை எட்டாமல் திணறினால் பிட்ச் கூடுதல் என்று பொருள். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று உயரும். ‘மோட்டாருக்குச் சக்தி போதவில்லை’ என்று பெரிய மோட்டாருக்குக் கடன் கேட்பவர், முதலில் புரொப்பல்லரை மாற்றிப் பார்ப்பது நலம். அதற்கு ஆகும் செலவு மோட்டார் விலையில் ஒரு சிறு பகுதியே.

இதனுடன் ஒரு சிக்கன வழியையும் குறிப்பிட வேண்டும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், தேவைப்படும் திறன் கால் பங்குக்கும் மேல் குறைகிறது. அதே தூரத்தைக் கடக்க ஆகும் எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். திரும்பி வரும் அவசரம் இல்லாத நாட்களில் கைப்பிடியைச் சற்றுத் தளர்த்துவது கடனில்லாத வருமானம்.

கடன் பெறும்போது கவனிக்க வேண்டியவை

மோட்டார் வாங்குவதற்குத் தவணைக் கடனே உரியது. 2018-19 நிதிநிலை அறிக்கையின் மூலம் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட கிசான் கடன் அட்டை, எரிபொருள், பனிக்கட்டி, கூலி முதலிய நடைமுறை மூலதனத்துக்கானது. நடைமுறைத் தேவைக்கான தொகையை மோட்டாரில் முடக்கிவிட்டு, எரிபொருளுக்குத் தனியாரிடம் அதிக வட்டிக்குக் கடன் பெறுவதைத் தவிர்க்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பயனாளிகளுக்கான பணிகளில் பொதுப்பிரிவினருக்கு அலகுச் செலவில் 40 சதவீதமும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 சதவீதமும் மானியம் வரையறுக்கப்பட்டது. மாநில அரசுகளும் மோட்டாருக்கெனத் தனித் திட்டங்களை நடத்துவதுண்டு. நடப்பில் உள்ள திட்டங்களையும் அவற்றின் நிபந்தனைகளையும் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே மோட்டாரைப் பதிவு செய்யுங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மீறிய திறனைத் தேர்ந்தெடுக்க வேண்டா. மானியம் விலைக்கு உண்டு, நாள்தோறும் எரியும் எரிபொருளுக்கு அன்று.

தவணைக் காலத்தை மோட்டாரின் உழைப்புக் காலத்துக்குள் அமைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தேய்ந்த பிறகும் கடன் எஞ்சியிருப்பது இரட்டைச் சுமை. தொழில் தடைபடும் மாதங்கள் ஒவ்வொரு கடற்கரைக்கும் வேறுபடும். உங்கள் ஊரில் வருமானம் குறையும் மாதங்களை விண்ணப்பத்தின்போதே கிளை மேலாளரிடம் தெரிவித்தால், தவணைகளை அதற்கேற்ப அமைப்பது குறித்து ஆலோசிக்க இயலும். படகின் பதிவுச் சான்று, மோட்டாரின் வரிசை எண் குறிக்கப்பட்ட விலைச்சீட்டு, காப்பீட்டு ஆவணம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மோட்டாரை மாற்றும்போது பதிவு விவரங்களையும் திருத்திக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது இச்சிறு செயலின் அருமை புரியும். ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்ததும் நன்னீரால் மோட்டாரின் குளிர்விப்புக் குழாய்களைக் கழுவுவது, எந்தக் காப்பீடும் தராத பாதுகாப்பு.

ஒரு தாளில் ஆறு வரிகள்

எங்கள் கிளைக்கு வருமுன் ஒரு தாளில் ஆறு விவரங்களை எழுதி வாருங்கள்: படகின் நீர்க்கோட்டு நீளம்; முழுப் பாரத்துடன் எடை; மீன்பிடிக்கும் இடத்தின் தூரம்; ஆண்டில் தொழிலுக்குச் செல்லும் நாட்கள்; இப்போது நாளொன்றுக்கு ஆகும் எரிபொருள்; பின்பலகையின் உயரம். இரண்டு வேறு திறன்களுக்கு இரண்டு விலைப்புள்ளிகளும் உடன் இருக்கட்டும். கால் மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து கணக்கிட்டுவிடலாம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட வாடிக்கையாளர் தம் மோட்டாரை விற்றுவிடவில்லை. கூடிய பிட்ச் கொண்ட புரொப்பல்லரை மாற்றினார். வெளியே செல்லும்போது மட்டும் முழு வேகமும், மற்ற நேரங்களில் குறைந்த வேகமும் எனப் பழகிக்கொண்டார். தவணைகள் மெல்ல ஒழுங்குக்கு வந்தன. ஆயினும் வாங்குவதற்கு முன் அந்தத் தாளை எழுதியிருந்தால் எட்டு மாதக் கவலை மிஞ்சியிருக்கும் என்பதை அவரே நம்மிடம் கூறினார். அந்தத் தாளை எழுத உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.